கேட்பதற்கு முன்பே முடிவு கட்டாதீர்கள்: புதிய இசை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதுவரை கேட்டறியாத ஒரு பாட்டு திடீரென்று நெஞ்சில் வந்து உட்காரும்போது உண்டாகும் மகிழ்ச்சி அலாதியானது. அதைப் பெரும்பாலும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். முதல் வரி முடிவதற்குள் இது எந்த வகை, யார் கேட்பது, நமக்கு ஒத்துவருமா என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்த அவசரத்தால் வடசென்னை இசைக்கு நேர்ந்த அநியாயம் அதிகம்.

வடசென்னை உழைக்கும் மக்களின் பாட்டான கானாவைச் சினிமா வழியாக மட்டும் அறிந்துகொள்வதுதான் பெரிய தவறு. திரையில் அது சில நிமிடக் கொண்டாட்டம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடப்படும் மரண கானாவோ வேறு உலகம். இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகள், கூட்டாளிகள் என்று வீட்டாரிடம் கேட்டறிந்து, பாடகர் அங்கேயே வரிகளைக் கோத்துவிடுவார். நிலையாமையைச் சொல்லும் இடங்களில் சித்தர் பாடல்களின் சாயல் தெரியும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவருக்கும் யார் வாழ்க்கை வரலாறு எழுதுகிறார்கள்? அந்த இரவில் பாடகர்தான் அதைச் செய்கிறார். இது தெரிந்தபின் டோலக் அடி வேறுவிதமாகக் காதில் விழும்.

அதற்காக, அழைப்பில்லாமல் துக்க வீட்டுக்குப் போய்ச் செல்பேசியில் படம் பிடிக்காதீர்கள். கேட்கப் பொது மேடைகள் இருக்கின்றன. அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி ஏப்ரலில் நடக்கும் கூட்டங்களில் கானா ஒலிக்கும். டிசம்பரில் சபா கச்சேரிப் பட்டியலோடு, 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா எங்கே நடக்கிறது என்றும் பாருங்கள்.

கானா ஆண்களின் பாட்டு என்று நினைப்பவர்கள் இசைவாணியைக் கேட்க வேண்டும். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். கானா வேறு இசையோடு ஒட்டாது என்பவர்களுக்கு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு பதில் சொல்லும். ராப்பும் ராக்கும் கானாவும் அங்கே ஒரே மேடையில் சாதியைக் கேள்வி கேட்டன.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: வடசென்னை என்றால் கானா மட்டும்தான் என்று எண்ணுவது. இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் மணலியில்தான், ஊர்ப் பெரியவரான முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார் தீட்சிதர். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அந்நிய இசை என்று அவர் காதை மூடிக்கொள்ளவில்லை. பக்கத்துத் திருவொற்றியூரில் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கர்நாடக இசையை மயிலாப்பூரோடு முடித்துக்கொள்பவர்கள் ஒருநாள் அந்தக் கோயிலுக்கும் போய்வரலாம்.

ஒருமுறை கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று ஒதுக்குவதும் வேண்டாம். பழகாத தாளம் காதில் படியச் சில நாள் ஆகும்.

ஓவியத்துக்கும் இது பொருந்தும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை முதலில் படித்தால், கண் அந்தக் குறிப்பைத்தான் தேடும். முதலில் படத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். பெயரும் ஆண்டும் பிறகு. பெரியமேட்டில் 1850இல் தொடங்கப்பட்ட கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். மாணவர் கண்காட்சி நடக்கும்போது தயங்காமல் உள்ளே போங்கள். இன்னும் பெயர் பெறாதவர்களின் படைப்பை வேறு எங்கே பார்ப்பது?

பெயர் பெற்றவர்களுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, தெருவில் பாடுபவரிடம் இலவசமாக எதிர்பார்ப்பது எனக்குக் கோபம் தரும் தவறு. டோலக்காரரும் பேஞ்சோ வாசிப்பவரும் அந்த வருமானத்தில்தான் வாடகை கொடுக்கிறார்கள். விழாவுக்குக் குழுவை அழைத்தால் தொகையை முன்பே பேசி, நிகழ்ச்சி முடிந்த இரவே கொடுத்துவிடுங்கள்.