கோல்ஃப் ஆட முதல்முறை போகிறீர்களா? உடுப்பைச் சரிபாருங்கள்

யாராவது விருந்தினராகக் கூப்பிட்டால், முந்தின நாளே கிளப்புக்கு ஒரு போன் போட்டு உடை விதியைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போனேன், காலர் இல்லாத டி-சர்ட்டில். வரவேற்பில் இருந்தவர் என் கழுத்தைப் பார்த்தார், அப்புறம் பக்கத்திலிருந்த கடையைக் கைகாட்டினார். கிளப் முத்திரை போட்ட சட்டையை யானை விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்தச் சட்டை இன்றும் கார் டிக்கியில் கிடக்கிறது, அவசரத்துக்கு.

பொதுவாகக் காலர் வைத்த சட்டை, உள்ளே செருகியது. ஜீன்ஸ் வேண்டாம். ஷார்ட்ஸ் என்றால் முட்டியைத் தொட வேண்டும்.

ஷூவில்தான் கவனம். அடியில் பிளாஸ்டிக் குமிழ் உள்ளதை வாங்குங்கள். பழைய இரும்பு ஆணி ஷூ, குழியைச் சுற்றியுள்ள மெல்லிய புல்லைக் கிழித்துவிடும். மெதுவாக உருளும் பந்து அந்தத் தழும்பில் பட்டுத் திசைமாறும். இந்த விதி இருக்கட்டும். காலர் எதற்கு? கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2019இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை வென்றதே மடிப்புக் காலர் இல்லாத சட்டையில்தான். அதே ஆண்டு, அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர்கூடப் பயிற்சிச் சுற்றுகளில் ஷார்ட்ஸை அனுமதித்துவிட்டது.

சரி, வேட்டி? 2014இல் நீதிபதி ஒருவரையே வேட்டிக்காகச் சென்னை கிளப் ஒன்றில் தடுத்தார்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது: வேட்டி கட்டியவரை வாசலில் நிறுத்தினால் 25,000 ரூபாய் வரை அபராதம். தாராளமாகக் கட்டிக்கொண்டு போகலாம். மடித்துக் கட்டி மட்டையைச் சுழற்றுவது உங்கள் சாமர்த்தியம்.