போர்ட்டர் என் கைக்கு அடங்கியது

வீட்டு விமான சிமுலேட்டரில் பிலாட்டஸ் பிசி-6 போர்ட்டர் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தை எடுத்த முதல் வாரம் முழுக்க மணிக்கட்டு வலிதான். பவரைக் கூட்டினால் மூக்கு ஏறும், இடப்பக்கம் இழுக்கும். குறைத்தால் மூக்கு தொங்கும். நான் டிரிம் பொத்தானை (கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிற்க வைப்பது) விடாமல் அழுத்தி மூக்கைத் துரத்திக்கொண்டிருந்தேன். தவறு அங்கேதான்.

இப்போது முதலில் பவர். அப்புறம் ஜாய்ஸ்டிக்கால் மூக்கை ஓரிடத்தில் நிறுத்தி, வேகமானியின் முள் அசையாமல் நிற்கும் வரை பொறுக்கிறேன். அதன் பிறகே டிரிம்: ஒரு தட்டு, ஸ்டிக்கைக் கொஞ்சம் நடுவுக்கு விடுவேன், இன்னொரு தட்டு. நிஜ விமானத்தில் டிரிம் செய்யச் செய்யக் கையின் பாரம் தானே இறங்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது. கையை நாம்தான் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது புரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இடப்பக்க இழுப்புக்கு வலது ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் மடல்), ஏற்றம் நீண்டால் ரடர் டிரிம். அவ்வளவுதான்.

இறங்கும்போது பவரை முழுதாக இழுக்காதீர்கள். புரொப்பெல்லர் இதழ்கள் தட்டையாகிக் காற்றில் பிரேக் போட்டதுபோல் ஆகும். வால்மேல் வீசும் காற்றும் குறைந்து மூக்கு விழும். சக்கரம் தரையைத் தொடும்வரை கொஞ்சம் பவர் இருக்கட்டும்.