2147483647 ஒரு பகா எண்தானா? கையாலேயே சோதிக்கும் முறை

2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 2147483647 வரும். அது பகா எண் என்று லியோன்ஹார்ட் ஆய்லர் 1772-இல், பார்வை ஏறக்குறைய முற்றிலும் போய்விட்ட நிலையில் நிறுவினார். அவர் சென்ற வழியில் நாமும் சோதிப்பதற்குக் காகிதமும் பத்து இலக்கம் காட்டும் கணிப்பானும் போதும்.

ஓர் எண் பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது அதற்கு இருந்தே தீரும். இங்கு வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருப்பதால், எல்லாவற்றாலும் வகுக்க இறங்காமல், காரணியாகும் தகுதி உள்ளவற்றை முதலில் சலித்தெடுக்க வேண்டும்.

ப என்ற பகா எண் நம் எண்ணின் காரணி என்க. அப்படியானால் 2-இன் 31-ஆம் அடுக்கை ப-ஆல் வகுக்க மீதி 1 வரும். மீதி 1 முதன்முதலில் வரும் அடுக்கு 31-இன் காரணியாகத்தான் இருக்க முடியும்; 31 பகா எண், முதல் அடுக்கில் மீதி 1 வர வழியில்லை, ஆகவே அந்த அடுக்கு 31-ஏ. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி ப−1 என்ற அடுக்கிலும் மீதி 1 என்பதால், ப−1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை எண் ஆதலால் 62-இன் மடங்கு. அடுத்த சல்லடை இன்னும் அழகானது. 2-இன் 32-ஆம் அடுக்கு ஒரு முழு வர்க்கம். அதை ப-ஆல் வகுக்க மீதி 2. ஒரு வர்க்கம் 2-ஐ மீதியாகத் தரவேண்டுமானால், ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 ஆக இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் இணைத்தால், ப என்பது 248ம+1 அல்லது 248ம+63 என்ற வடிவில் மட்டுமே அமையும் (ம ஒரு முழு எண்).

இவ்வடிவ எண்களை 46340 வரை எழுதி, பகு எண்களை அடித்துவிடுங்கள். 249, 497, 559, 745 என்று வரிசையாக விழுந்துகொண்டே வரும். 1500 வரை தப்புபவை 311, 1303, 1489 ஆகிய மூன்றே.

மிஞ்சிய ஒவ்வொன்றையும் சோதிக்க நெடிய வகுத்தல் தேவையில்லை. 2-இல் தொடங்கி ஐந்து முறை வர்க்கம் எடுத்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 32-ஆம் அடுக்கு கிடைத்துவிடும். 311-க்குச் செய்து பார்ப்போம்: 4, 16, 256. 256-இலிருந்து 311-ஐக் கழித்து −55 என்று கொள்வது எளிது. அதன் வர்க்கம் 3025, மீதி 226, அதாவது −85. அதன் வர்க்கம் 7225, மீதி 72. காரணியாக இருந்தால் 2 வந்திருக்க வேண்டும். ஆகவே 311 காரணி அன்று. எந்த மீதியும் 46340-ஐ எட்டாது என்பதால் அதன் வர்க்கம் பத்து இலக்கத்துக்குள் அடங்கும். ஒன்றுகூட 2-ஐத் தராவிட்டால் சோதனை முடிந்தது.

தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் செவ்விய எண் எனப்படும். 1811-இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் செவ்விய எண்ணைவிடப் பெரிய செவ்விய எண்ணை எவரும் காணப்போவதில்லை என்று எழுதினார். 1876-இலேயே எட்வர்ட் லூக்கா, 2-இன் 127-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த 39 இலக்க எண் பகா எண் என்று காட்டிவிட்டார். அவ்வளவு பெரிய எண்ணுக்குச் சல்லடை முறை உதவாது. பிறகு லேமர் செம்மைப்படுத்திய லூக்காவின் முறையே வேண்டும். 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்தபின் 0 வந்தால் அது பகா எண். எடுத்துக்காட்டாக, 127 என்ற எண்ணுக்கு, அதாவது 2-இன் 7-ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண்ணுக்கு, ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0. நம் எண்ணுக்கு இருபத்தொன்பது தடவை போதும் என்றாலும், இடையில் வரும் வர்க்கங்கள் பத்தொன்பது இலக்கம் வரை நீளும் என்பதால் அதைக் கணினியிடம் விடுவதே நல்லது.