கொரியாவில் டீச்சர் வேலை, அமெரிக்காவில் வரிக் கணக்கு: முதல் முறை தாக்கல் செய்பவர்களுக்கு

"கொரியாவில்தானே சம்பளம் வாங்குகிறேன், அமெரிக்காவுக்கு எதற்குக் கணக்கு?" பூசானில் பள்ளி வேலைக்குப் போன புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன். அமெரிக்கக் குடியுரிமை இருக்கும்வரை எந்த நாட்டில் சம்பாதித்தாலும் ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது அமெரிக்க வருமான வரித்துறைக்கு, கணக்குக் காட்டியாக வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்குக் கட்ட வேண்டிய வரி பெரும்பாலும் பூஜ்யம்தான். ஆனால் அந்தப் பூஜ்யம் தானாக வராது. வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததற்கு வரிவிலக்கு தரும் படிவம் 2555 போட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

2025 வருமானத்தை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: தாக்கல் செய்ய வேண்டுமா?
திருமணமாகாதவர், 65 வயதுக்குக் கீழ் என்றால், மொத்த வருமானம் 15,750 டாலரைத் தொட்டாலே கட்டாயம். கொரியச் சம்பளமும் இதில் சேரும். எப்படியும் விலக்கு கிடைக்குமே என்று அதை முன்கூட்டியே கழித்துவிடாதீர்கள்.

படி 2: சம்பளச் சான்று
அமெரிக்க முதலாளிகள் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்றைக் கொரியப் பள்ளி தராது. அலுவலகத்தில் 'வொன்ச்சொன் ஜிங்சு யொங்சுஜுங்' (வரிப்பிடித்த ரசீது) என்று கேளுங்கள். சம்பளமும் பிடித்த வரியும் அந்த ஒரே தாளில் இருக்கும். வொன்னை டாலராக்க, ஐஆர்எஸ் வெளியிடும் ஆண்டுச் சராசரி விகிதம் போதும். டாலருக்கு 1,400 வொன் என்று வைத்துக்கொண்டால், 2.8 கோடி வொன் 20,000 டாலர் ஆகும். 2025-க்கான விலக்கின் உச்சவரம்பு 1,30,000 டாலர். ஆக, தொகை பிரச்சினையே இல்லை. நாள் கணக்குதான் பிரச்சினை.

படி 3: 330 நாள்
புதிதாகப் போனவர்கள் அந்த விலக்கைப் பெற, பொதுவாகத் தொடர்ச்சியான 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை இருந்தால்தான் முழு நாள். விமானம் இறங்கிய நாள் கணக்கில் வராது. கொரியாவிலேயே இருக்க வேண்டும் என்றில்லை, ஜப்பானுக்கோ வியட்நாமுக்கோ போனாலும் அது வெளிநாட்டு நாள்தான். நான் ஏமாந்தது குவாமில். பூசானிலிருந்து பக்கம், கடற்கரை அழகு என்று கிளம்பிவிட்டேன். குவாம் அமெரிக்க ஆட்சிப்பகுதி. அங்கே இருந்த நாளெல்லாம் கணக்கிலிருந்து போயிற்று. சொந்த ஊர் விடுமுறையையும் சேர்த்து மொத்தம் 35 நாள்தான் கையிருப்பு. பாஸ்போர்ட் முத்திரையை நம்பாமல், தேதிகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

படி 4: கெடு
பொதுக் கெடு ஏப்ரல் 15. அந்தத் தேதியில் வெளிநாட்டில் வசித்து வேலை பார்ப்பவர்களுக்குத் தானாகவே ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. அதைச் சொல்லி ஒரு குறிப்பை இணைத்தால் சரி. வரி பாக்கி இருந்தால் மட்டும் வட்டி ஏப்ரலிலிருந்தே ஓடும்.

ஆகஸ்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2025 ஆகஸ்ட் 20 அன்று வந்து இறங்கினால், எங்கும் போகாமல் இருந்தாலும் 330-வது நாள் 2026 ஜூலை 16 அன்றுதான் வரும். ஜூன் கெடுவுக்குள் தகுதியே வராது. இதற்கென்றே படிவம் 2350 இருக்கிறது. ஜூன் 15-க்குள் அதைப் போட்டுக் கூடுதல் அவகாசம் வாங்குங்கள். 330 நாள் முடிந்தபின் கணக்கைத் தாக்கல் செய்யலாம். வழக்கமான அவகாசப் படிவம் 4868 அக்டோபர் 15 வரை தருகிறது, அதுவும் ஆகும்.

படி 5: நிரப்புதல்
முதலில் கொரியச் சம்பளத்தை முதன்மை வரிப் படிவமான 1040-இல் வருமானமாகக் காட்டுங்கள். அப்புறம் 2555-இல் வந்த விலக்கை அதன் இணைப்பான அட்டவணை 1-இல், 8டி என்ற வரிசையில் கழியுங்கள். விலக்கு உழைத்துச் சம்பாதித்ததற்கு மட்டும்தான். வங்கி வட்டிக்குக் கிடையாது.

ஹாக்வொன் (தனியார் பயிற்சி நிலையம்) ஆசிரியர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் 3.3 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் உங்களை ஊழியராக அல்ல, சுயதொழில் செய்பவராகக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது அமெரிக்காவின் 15.3 சதவீத சுயதொழில் வரி குறுக்கே வரலாம். அதை 2555 தடுக்காது.

படி 6: வங்கிக் கணக்கு
எல்லா வெளிநாட்டுக் கணக்குகளும் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையைப் போட வேண்டும். ஒப்பந்தம் முடிந்து பணிக்கொடை வந்து விழும் மாதத்தைக் கவனியுங்கள், அன்றைக்குத்தான் பலருக்குத் தாண்டும். இதை ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்க நிதித்துறையின் கீழ் உள்ள ஃபின்சென் அமைப்பின் இணையதளத்தில் தனியாக, கட்டணமில்லாமல் போடலாம். ஏப்ரல் 15 தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே நீளும், விண்ணப்பம்கூட வேண்டாம்.