நான்காவது முயற்சியில் உதைப்பதா, துணிவதா?

புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு யார் (கெஜம்) சீத்தை எவ்வளவு என்று என் கைக்கே தெரியும். அமெரிக்கக் கால்பந்தும் யார் கணக்கில் ஓடுவதால்தானோ என்னவோ, கனடாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களோடு தங்கிய பெறாமகன் பழக்கிவிட்டதும் அது என்னைப் பிடித்துக்கொண்டது.

நான்கு முயற்சிகளில் 10 யார் முன்னேற வேண்டும். மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம். கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அல்லது மீதித் தூரத்தை எடுத்துவிடலாம் என்று துணிந்து விளையாடலாம். (கனடாவில் மூன்றே முயற்சிகள். இந்த வம்பு அங்கே இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.) ஹெவ்லொக் பார்க்கில் றகர் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல. பெனால்டி கிடைத்ததும் தலைவர் கம்பத்தைக் காட்டுவாரா, மூலைக்கு அடிப்பாரா என்று எழுந்து நிற்போமே, அதேதான். அங்கும் உதைக்கு 3 புள்ளிதான்.

முதலில் உதையின் உண்மையான தூரத்தைப் பாருங்கள். பந்து நிற்கும் இடத்திலிருந்து எதிரணியின் எல்லைக் கோடு வரையுள்ள யாரோடு 17 கூட்ட வேண்டும்: எல்லைக் கோட்டுக்கு அப்பால் கம்பம் வரை 10, உதைப்பதற்காகப் பந்தைப் பின்னால் எறிவது 7. ஆகவே 35இல் நின்றால் 52 யார் உதை. பலர் மறப்பது இதற்குப் பிறகு வருவதைத்தான். உதை தவறினால் எதிரணிக்குப் பந்து 35இல் கிடைப்பதில்லை, உதைத்த இடமான 42இல் கிடைக்கிறது. துணிந்து விளையாடித் தோற்றால் 35இல்தான் கொடுக்கிறோம். வரவை மட்டும் பார்த்துச் செலவை எழுதாத கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

அடுத்து, எத்தனை யார் தேவை? ஒரு யார் என்றால் பத்தில் ஆறேழு தடவை கிடைத்துவிடும், துணியலாம். எட்டு, ஒன்பது என்றால் வாயை மூடிக்கொண்டு உதைக்க வேண்டும். எதிரணியின் 2 யார் கோட்டில்தான் கணக்கு ருசியானது. உதைத்தால் ஏறக்குறைய நிச்சயமாக 3. துணிந்து பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் அது டச்டவுன், அதற்குப் பிந்திய உதையும் சேர்ந்து 7. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தாலும், 7இல் பாதி மூன்றரை. தோற்றாலும் எதிரணி தன் வீட்டு வாசலிலேயே முதுகு முட்டி நிற்கும். பொருளியலாளர் டேவிட் ரோமர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அணிகள் அளவுக்கு மீறி உதைக்கின்றன என்றே கண்டார்.

கடைசியில் கடிகாரம். 2021 ஜனவரியில் கிரீன் பே அணி 23-31 எனப் பின்தங்கி, இரண்டு நிமிடச் சொச்சமே மீதியிருக்க, 8 யார் கோட்டில் நின்றது. மேலே நான் சொன்னபடி உதைத்தார்கள். ஆனால் 3 எடுத்தாலும் வெல்ல ஒரு டச்டவுன் வேண்டும்தானே? பந்து திரும்பக் கிடைக்கவேயில்லை. 26-31. நேரம் தீரும்போது யார்க் கணக்கைவிடப் புள்ளிக் கணக்கே பெரிது.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜனவரி 29, திங்கள் விடியல். டெட்ராய்ட் அணி 24-10 என முன்னிலையில், எதிரணியின் 28இல், தேவை 2 யார். துணிந்தார்கள், வந்த பந்தைப் பெறுபவர் கைநழுவ விட்டார். பெறாமகன் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "சித்தப்பா, உதைத்திருக்கலாமே!" நான் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிய கணக்கைக் காட்டினேன்: முடிவு சரி, கைதான் பிழை. அவர்கள் 31-34 எனத் தோற்றார்கள், அதே மூன்று புள்ளிகளால்.

நான்காம் பகுதியில் 24-27 எனப் பின்தங்கியபோது 30இல் மறுபடி துணிந்தார்களே, உதைத்தால் சமநிலை, அது சரியா என்று அவன் கேட்டான். தேவை 3 யார், உதை 47 யார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன்.