லைன் கிளியர் வாங்கியாச்சு, அப்புறம் எதுக்கு எர்த்?

மின்பாதை வேலைக்குப் புதிதாக வரும் சூப்பர்வைசர்களையும், டிப்ளமோ முடித்த கையோடு சைட்டுக்கு வரும் பையன்களையும் வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆள்தான் மாறுகிறார்கள், கூத்து மாறுவதில்லை. அந்த வயதில் நாங்கள் அடித்த அதே கூத்து. ஹெல்மெட் போடு, ஷூ போடு என்று எழுதப்போவதில்லை, அது கேட் பக்கத்து போர்டிலேயே இருக்கிறது. போர்டில் இல்லாத, இருந்தாலும் யாரும் நின்று படிக்காத விஷயங்கள் மட்டும் இங்கே. பெரும்பாலும் 11, 22, 33 கேவி (ஒரு கேவி என்பது ஆயிரம் வோல்ட்) லைன் வேலைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சோலார் பிளான்ட்டிலிருந்து சப்ஸ்டேஷனுக்குப் புது லைன் இழுப்பவர்களும் படிக்கலாம்.

காலைக் கூட்டம் கையெழுத்தோடு முடிவது

ரிஜிஸ்டரை நீட்டுவது, பத்துப் பேர் கையெழுத்துப் போடுவது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளுவது. இதற்குப் பெயர் டூல்பாக்ஸ் மீட்டிங். இன்று எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை வேலை, எந்த லைன் உயிரோடு இருக்கிறது, குறுக்கே என்ன போகிறது என்ற மூன்றையும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஆள் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கூட்டம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் சொல்லிவிட்டு அவர் தலையாட்டியதைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

எர்த் போடாமல் கம்பம் ஏறுவது

இதற்குத்தான் இந்த முழுக் கட்டுரையும். இன்றைக்கும் என்னை எரிச்சலூட்டுவது இந்த ஒன்றுதான், ஏனென்றால் செய்பவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் கிடையாது. எல்சி (லைன் கிளியர், அதாவது சப்ளையை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்று சப்ஸ்டேஷன் தரும் அனுமதி) வாங்கியிருப்பார்கள், நம்பர் குறித்திருப்பார்கள், சப்ஸ்டேஷனில் பிரேக்கரை வெளியே இழுத்து போர்டு மாட்டியாயிற்று என்று போனில் உறுதியும் செய்திருப்பார்கள். லைன் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மட்டும் வண்டியிலேயே கிடக்கும். கேட்டால், "சார், எல்சி இருக்கே!"

எல்சி என்பது அந்தப் பக்கத்து ஆள் தன் சுவிட்சைப் பற்றித் தருகிற உறுதி. உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கம்பியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

முதலில் ஏபி சுவிட்ச், கம்பத்தின் மேலே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். கீழே ஹேண்டிலை இறக்கிப் பூட்டுப் போட்டுவிட்டால் திறந்துவிட்டது என்று நினைக்கிறோம். மேலே மூன்று பிளேடு. ஹேண்டிலையும் பிளேடையும் இணைக்கும் பைப், கிளாம்ப் தளர்ந்திருந்தால் சும்மா சுழலும், இரண்டு பிளேடு அழகாக விலகி நிற்கும், மூன்றாவது காண்டாக்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே நின்று ஹேண்டிலைப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். வெயிலை மறைத்துக் கையை நெற்றியில் வைத்து மூன்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது பக்கத்து லைனின் இண்டக்ஷன். 110 அல்லது 230 கேவி லைனுக்கு இணையாக உங்கள் புதுக் கம்பி சில கிலோமீட்டர் ஓடினால், எந்த சப்ஸ்டேஷனோடும் சேராத, இன்னும் சார்ஜே பண்ணாத கம்பியிலும் வோல்டேஜ் ஏறும். எர்த் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிற கம்பியில் அது ஆயிரம் வோல்ட்டைத் தாண்டுவது சாதாரணம். "இது புது லைன் சார், இன்னும் கரண்டே வரலை" என்று சிரித்துக்கொண்டு வெறுங்கையால் பிடிக்கப்போன பையனின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். இதற்கு எல்சி தரக்கூட யாரும் இல்லை, ஆஃப் பண்ண சுவிட்சே கிடையாது. எர்த் ஒன்றுதான் வழி.

மூன்றாவது ரிவர்ஸ் சப்ளை, அதாவது வீட்டுப் பக்கத்திலிருந்து லைனுக்குத் திரும்பி வரும் கரண்ட். டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் கீழ் தெரியாது. 11 கேவி கொடுத்தால் 433 வோல்ட் தரும். எல்டி பக்கம், அதாவது வீடுகளுக்குப் போகும் குறைந்த வோல்டேஜ் பக்கம், 433 வோல்ட் கொடுத்தால் தயங்காமல் 11 கேவி தரும்.

ஒரு ஊரில் 11 கேவி லைனில் கம்பி மாற்றும் வேலை. இரண்டு ஏபி சுவிட்சுக்கு நடுவே ஒரு துண்டு லைன், அதில் இருந்தது ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதுவும் ஒரு கல்யாண மண்டபத்துக்கானது. எல்சி வந்தது, சப்ளை இருந்தால் கத்தும் டிடெக்டரை வைத்துப் பார்த்தார்கள், லைனில் எதுவும் இல்லை. பொறுப்பில் இருந்த இளம் இன்ஜினியர் ஏறச் சொல்லிவிட்டார். அங்கே வந்திருந்த ரிட்டயர் ஆகும் வயது லைன் இன்ஸ்பெக்டர் விடவில்லை. "தம்பி, ரெண்டு பக்கமும் எர்த்தைப் போட்டுட்டு ஏறச் சொல்லுங்க" என்றார். அரை மணி நேரம் போகிறதே என்று இன்ஜினியருக்கு முகம் சுருங்கிவிட்டது. எர்த் போட்டார்கள், ஏறினார்கள், வேலை நடந்தது. பதினோரு மணி வாக்கில் மண்டபத்து எலக்ட்ரீஷியன் சைக்கிளில் வந்து இறங்கி, "சார், உங்க லைன்ல ஏதோ கோளாறு. ஜெனரேட்டர் போடப் போட நின்னுடுது, மூணு தடவை பார்த்துட்டோம்" என்று சண்டைக்கு நின்றார். லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் மண்டபத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கெட்டுப்போனதால், வாடகை ஜெனரேட்டரின் கேபிளை நேராக மெயின் போர்டில் கொடுத்திருக்கிறார், லைன் பக்கத்து மெயினை இறக்கவே இல்லை. அவர் மூன்று முறை ஸ்டார்ட் செய்தபோதும் கம்பத்தின் மேலே ஆள் இருந்திருக்கிறார்கள். எர்த் இருந்ததால் ஜெனரேட்டர் திணறி ட்ரிப் ஆனது, மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியக்கூட இல்லை. எர்த் இல்லையென்றால் அவர்கள் கையில் இருந்தது 11 கேவி கம்பி.

கவனியுங்கள், டிடெக்டர் வைத்தபோது லைனில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. டெஸ்ட் அந்த நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும், அடுத்த நிமிடத்தைப் பற்றிச் சொல்லாது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது ஊர் ஊராக வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் தண்ணீர் டேங்க் நிரப்பினார்கள். எந்த வீட்டில் எப்படி கனெக்ஷன் கொடுத்திருக்கிறார்கள் என்று யார் போய்ப் பார்ப்பது? மாடியில் சோலார் வைத்தவர்களின், லைனோடு சேர்ந்தே ஓடும் கிரிட் டைய்டு இன்வெர்ட்டர் சப்ளை போனால் தானாக நின்றுவிடும், அதுதான் அதன் வடிவமைப்பு. ஆனால் பேட்டரியோடு ஓடும் இன்வெர்ட்டரை யாராவது அரைகுறையாக மாட்டியிருந்தால் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, எர்த் போடுவதிலும் சொதப்புகிறார்கள். தரையில் அடித்த ராடில் முதலில் கிளாம்ப், அதன் பிறகுதான் கம்பியில். எடுக்கும்போது முதலில் கம்பியிலிருந்து, கடைசியில் தரையிலிருந்து. மாற்றிச் செய்தால், லைனில் சப்ளை இருக்கும் பட்சத்தில், உங்கள் கையில் இருக்கும் மறுமுனையும் அதே லைன்தான். மூன்று பேஸ் கம்பிகளையும் சேர்த்துக் கட்டி ஷார்ட் செய்ய வேண்டும், ஒன்றில் மட்டும் மாட்டிவிட்டு வரக்கூடாது. செம்மண் காட்டில் காய்ந்த தரையில் ஒரு சாண் இறங்கிய ராடை எர்த் என்று சொல்லாதீர்கள். ஆழமாக அடியுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும், முடிந்தவரை கிட்டத்தில் போடுங்கள். இன்னொன்று, அனுபவசாலிகளே மறப்பது: ஜம்பரை (லைனின் இரண்டு துண்டுகளை இணைக்கும் சிறு கம்பி) வெட்டினால் லைன் இரண்டாகிறது. இந்தப் பக்கத்து எர்த் அந்தப் பக்கத்துக்கு உதவாது. வெட்டுவதற்கு முன்பே இரு புறமும் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிடெக்டரை உயிருள்ள லைனில் காட்டிக் கத்துகிறதா என்று பார்த்துவிட்டு, வேலை லைனில் காட்டி, மறுபடி உயிருள்ள லைனில் காட்டுங்கள். பேட்டரி தீர்ந்த டிடெக்டரும் சப்ளை இல்லாத லைனும் ஒரே மாதிரிதான் மௌனமாக இருக்கும்.

கம்பியைத் தொடுவதற்கு முன் எர்த் செய்து டிஸ்சார்ஜ் பண்ண வேண்டும் என்பது புது யோசனையும் கிடையாது. 1956-ஆம் வருஷ இந்திய மின்சார விதிகளில் 36-ஆவது விதியிலேயே இருந்தது, 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிமுறைகளிலும் இருந்தது. அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்களிடம் அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் டீ.

"அஞ்சு மணிக்கு லைன் போட்டுடுங்க"

போன் சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும், சிக்னல் கிடைக்காது, அதனால் காலையிலேயே நேரம் பேசி வைத்துவிடுவார்கள். இதைவிட மோசமான ஏற்பாடு எதுவும் கிடையாது. ஐந்து மணிக்கு ஒருவர் மேலேயே இருப்பார், ஒரு நட்டு சிக்கியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். எல்சி வாங்கியவர் தானே நேரில் ஆட்களை எண்ணி, எர்த்தை எல்லாம் எடுத்து எண்ணி, இனி லைனை உயிருள்ளதாகவே நினைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்ன பிறகுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். போட்ட எர்த் நான்கு, கையில் இருப்பது மூன்று என்றால் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.

ஹார்னஸ் மாட்டிவிட்டால் விழமாட்டான் என்ற நம்பிக்கை

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மீட்டர் கம்பம், ஆறில் ஒரு பங்கு பூமிக்குள், தரைக்கு மேலே ஏறக்குறைய 6.7 மீட்டர். லேன்யார்ட் (உடம்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டையிலிருந்து கொக்கிக்குப் போகும் கயிறு) 2 மீட்டர் வரை, விழும் அதிர்ச்சியைத் தாங்க அதில் இருக்கும் ஷாக் அப்சார்பர் கிழிந்து விரிந்தால் இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை, அதற்குக் கீழே ஆளின் உடம்பு ஒன்றரை மீட்டர். கொஞ்சம் இடைவெளியும் சேர்த்தால் 6 மீட்டருக்கு மேல் வேண்டும். இடுப்பு உயரத்திலோ கால் மட்டத்திலோ ஹூக்கை மாட்டிவிட்டு வேலை செய்கிறவர் விழுந்தால், அப்சார்பர் முழுசாக விரிவதற்கு முன் தரை வந்துவிடும். கொக்கி எப்போதும் தலைக்கு மேலே. இந்த உயரத்தில் கம்பத்தைச் சுற்றிப் போடும் பொசிஷனிங் ரோப்தான் உண்மையில் ஆளைக் காப்பாற்றுகிறது, அதனால் அது இல்லாமல் இரண்டு கையையும் விடவே கூடாது.

விழுந்தவர் தொங்கினால் யார் இறக்குவது? அசையாமல் தொங்குகிறவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் மயக்கம் வரும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருக்க அவகாசம் கிடையாது. ஏணி, கயிறு, இறக்கத் தெரிந்த ஒருவர் என்று மூன்றும் காலையிலேயே சைட்டில் இருக்கட்டும்.

ரப்பர் கையுறை

விளிம்பைச் சுருட்டிக் காற்றை அடைத்து அமுக்குங்கள். காற்று கசிந்தால் வெட்டித் தூக்கிப் போடுங்கள், ஓட்டை விழுந்ததை இன்னொருவர் எடுத்துப் போடுவார்.

கெபாசிட்டர் பேங்க், டெஸ்ட் முடிந்த கேபிள்

சப்ளையை நிறுத்திவிட்டாலும் சார்ஜ் உள்ளே இருக்கும். பத்து நிமிடம் பொறுங்கள், டிஸ்சார்ஜ் ராடால் தொடுங்கள், ஷார்ட் பண்ணியே வையுங்கள்.

வரைபடத்தை நம்பி ஜேசிபியை இறக்குவது

கேபிள் வரைபடத்தில் ரோட்டின் இடது ஓரம் இருக்கும், மண்ணில் வலது ஓரம் இருக்கும். நடுவில் யாரோ குடிநீர்க் குழாய் போட வந்து கேபிளை நகர்த்தியிருப்பார்கள். முதலில் குறுக்காகக் கையால் இரண்டு மூன்று குழி எடுத்துப் பாருங்கள். தோண்டும்போது நிறம் மாறிய மணலும் அதன் மேல் வரிசையாகச் செங்கல்லும் தெரிந்தால் ஜேசிபி அங்கேயே நிற்க வேண்டும், அதற்கு அடியில்தான் கேபிள். அங்கிருந்து மண்வெட்டிதான், அதையும் ஓங்கிக் கொத்தாமல் சுரண்டி எடுக்க வேண்டும். கடப்பாரை வேண்டவே வேண்டாம். எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்காதீர்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், "சும்மா அஞ்சு நிமிஷம்தான் சார், அளந்துட்டு வந்துடறேன்" என்று சொல்லுகிறவர் ஓவர்சியரே ஆனாலும்.