வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டர்

எங்கள் டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்போடு வீடாக மாற்றியிருக்கிறோம். கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளையும் சுற்ற அது லாயக்கில்லை. அதனால் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டு போட்டு, நைலான் கயிற்றால் கட்டினேன்.

காரைக்குடி தாண்டியதும் ஸ்டியரிங் லேசாக மிதந்தது. நூறு கிலோவுக்கு மேல் எடை பின் அச்சுக்கு வெளியே தொங்கினால், முன் சக்கரத்தின் பாரம் குறையத்தானே செய்யும்! குன்றக்குடியில் இறங்கிப் பார்த்தால், கயிறு தளர்ந்து ஸ்கூட்டர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு இரண்டு டயரையும் இரும்புக் காடியில் இறக்கினேன். நாலு மூலைக்கும் ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை. முன் சஸ்பென்ஷன் பாதி அமுங்கும் வரைதான் இறுக்கம். முழுக்க அமுக்கினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் போய்விடும். பெல்ட் உரசும் இடத்தில் பழைய வேட்டித் துணி. வேனின் முன் சக்கரத்துக்குப் பாரம் கூட, தண்ணீர்த் தொட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாற்றினேன். ஆனால் எப்படிக் கட்டினாலும் முதல் பத்து கிலோமீட்டரில் பெல்ட் கொஞ்சம் தளரும்; இறங்கி ஒரு முறை இறுக்கிவிடுகிறேன்.

ஸ்கூட்டரால் வேனின் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்துவிட்டன. அவற்றைச் சட்டத்திலேயே வெளியே எடுத்து வைத்தாயிற்று.